மூன்றாவது ஆணி

"பல்லை எண்ணிப் பாத்து கியர் மாட்டுறவன் லேத்துக்காரன் இல்லடா, பல் டாக்டர்! நான் இந்த ஆயுசுல ஒரு கியரோட பல்லைக்கூட எண்ணினதில்ல. எண்ணவும் மாட்டேன். நான் எண்ணுற அன்னைக்கு இந்த லேத்தை எடைக்குப் போட்டுட்டு, அதே வண்டியில என்னையும் ஏத்தி விட்டுருங்க!"

இந்தப் பிரகடனம் வெளியானபோது அதைக் கேட்டுப் புல்லரிக்க உலகம் முழுவதும் திரண்டிருந்தது. உலகம் என்றால், பக்கத்துப் பட்டறை வெல்டர், அவரிடம் இரும்புக் கதவு ஒட்ட வந்த ஒருவர், தெரு தவறி வந்து விலாசம் விசாரித்துக்கொண்டிருந்த இன்னொருவர். விலாசம் கேட்டவர் பயந்துபோய்ப் பதிலைக் கேட்காமலேயே போய்விட்டார். மற்ற இருவரும் கைதட்டினார்கள்.

பிரகடனம் செய்தவரைத் தெருவே 'கண்ணளவு' என்றுதான் கூப்பிடும். மரியாதை கருதி நாம் கண்ணளவார் என்போம். எதையும் அளக்கமாட்டார். ஒரு கண்ணை மூடுவார், மறு கண்ணைச் சுருக்குவார், தலையை ஒரு பக்கம் சாய்ப்பார், அளவு வாயில் வந்து விழும். சாதாரண மனிதர்கள் அளவு நாடா வாங்கும் காசை இவர் மிச்சம் பிடித்தார் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். வீட்டில் அவர் மனைவியிடம் ஏழு நாடாக்கள் இருந்தன. மனைவி தையல் வேலை செய்கிறவர். கழுத்தில் நாடா இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. ஒன்றை வெட்டுவதற்குமுன் இரண்டு முறை அளப்பார். கணவர் ஒன்றை வெட்டிய பிறகு, அது ஏன் பொருந்தவில்லை என்று பார்க்க மூன்றாவது முறையும் அளப்பார்.

கண்ணளவாரின் குடும்ப வாழ்க்கை இந்தத் திறமையின் கண்காட்சியாகவே விளங்கியது. கல்யாணமான புதிதில் அவர் கண்ணாலேயே அளந்து செய்வித்த இரட்டைக் கட்டில், படுக்கையறை வாசல்வரை கம்பீரமாக வந்து நின்றது. உள்ளே போகவில்லை. "கட்டில் சரியாத்தான் இருக்கு. வாசலைக் கட்டினவன் அளவு தெரியாதவன்" என்று தீர்ப்புச் சொல்லி, முதல் வருடம் முழுக்கத் தம்பதி கூடத்தில் படுத்தார்கள். சமையலறை ஜன்னலுக்கு அவர் வாங்கிவந்த கண்ணாடியின் ஒரு பக்கம் விரல் நுழையும் இடைவெளி. அது காற்றோட்டத்துக்காக விடப்பட்டது என்று அறிவிக்கப்பட்டது. சுவர்க் கடிகாரம் மட்டும் நேராக இருந்தது. அதை மாட்டியவர் மனைவி.

ஆனால் பட்டறையில் நிலைமை வேறு. அங்கே அவர் வாக்கு பலித்தது. போல்ட்டுக்கு மரை வெட்ட வேண்டும் என்று யாராவது வந்தால், கண்ணளவார் சுவர் ஓரம் போவார், அங்கே தொங்கும் காலண்டரைக் கொஞ்சம் தூக்கித் தேதி பார்ப்பார், ஒரு கியரை உருவுவார், மாட்டுவார். மரை கச்சிதமாக வரும். அவர் ஏன் ஒவ்வொரு வேலைக்கு முன்னாலும் தேதி பார்க்கிறார் என்று வெல்டர் ஒருமுறை கேட்டார். "நேரம் காலம் தெரிஞ்சவன்டா நான்" என்று பதில் வந்தது.

அந்தக் காலண்டரின் பின்னால் இருந்த மர்மத்தை இங்கே போட்டு உடைப்பது கண்ணளவாரின் புகழுக்கு நல்லதல்ல. ஆனாலும் உடைக்க வேண்டியிருக்கிறது.

லேத்தின் இடது பக்கக் கதவைத் திறந்தால் மூன்று கியர்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும். மேலே இருப்பது, சுற்றும் இரும்புத் துண்டோடு சேர்ந்து சுற்றும். கீழே இருப்பது, வெட்டும் உளியை நகர்த்திக்கொண்டு போகும் நீளத் திருகைச் சுற்றும். நடுவில் இருப்பது இரண்டுக்கும் தூது. மேலே எத்தனை பல், கீழே எத்தனை பல் என்பதை வைத்துத்தான், துண்டு ஒரு சுற்று சுற்றுவதற்குள் உளி எவ்வளவு தூரம் போகும் என்பது முடிவாகும். அந்தத் தூரமே மரைக்கு மரை உள்ள இடைவெளி. மரை மாற வேண்டுமென்றால் கியரை மாற்ற வேண்டும். எந்த மரைக்கு எத்தனை பல் என்று கதவின் உட்புறம் ஒரு தகட்டில் எழுதியிருந்தது. எண்ணெயும் காலமும் சேர்ந்து அதை நக்கி எடுத்துவிட்டன. கியர்களின்மேல் பொறித்திருந்த எண்களும் தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிட்டன.

பட்டறையை இவருக்கு விட்டுப்போன பழைய முதலாளி, புத்திசாலி. சுவரில் ஆறு ஆணி அடித்து, ஆறு கியரை மாட்டி, ஒவ்வொரு ஆணிக்கும் கீழே எந்த மரைக்கு அது என்று சிவப்புப் பெயின்டில் எழுதிவிட்டுப் போனார். கண்ணளவார் செய்ததெல்லாம், அந்த எழுத்துகளின்மேல் ஒரு பெரிய காலண்டரை மாட்டியதுதான். ஆக, அவருடைய ஞானக்கண் என்பது ஆறு ஆணியும் ஒரு காலண்டரும்.

போன மழைக்காலத்தில் ஒரு விபத்து நடந்தது. மேற்படி பிரகடனத்தை இன்னொரு வாடிக்கையாளருக்காக மறு ஒலிபரப்பு செய்துகொண்டிருந்தபோது, 'எண்ணவும் மாட்டேன்' என்ற இடத்தில் கையை வீசினார். கதவு திறந்திருந்தது. லேத் ஓடிக்கொண்டிருந்தது. மேலே வைத்திருந்த ஸ்பேனர் கை பட்டு நேராகக் கியர்களுக்கு நடுவே குதித்தது. 'கடக்' என்று ஒரு சத்தம். மூன்றாவது ஆணியின் கியர் இரண்டு பற்களை இழந்தது. ஒரு பல் தரையில் கிடைத்தது. இன்னொன்று இன்றுவரை தலைமறைவு.

வெல்டர் இரு பட்டறைக்கும் நடுவிலிருந்த குட்டிச்சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "அண்ணே, குடுங்க. வெல்டிங் வச்சுப் பல்லைக் கட்டி, அரத்தால ராவித் தர்றேன்."

"பொய்ப்பல்லா? என் லேத்துக்கா? போடா, வேலையப் பாரு."

உடைந்த கியரை வீட்டுக்குக் கொண்டுபோய், மனைவியின் தையல் அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுக்கப் பெருந்தன்மையோடு பரிசளித்தார். மனைவி அது தரையைக் கீறாமல் இருக்க நீலத் துணியில் அளவெடுத்து ஒரு உறை தைத்துப் போட்டார். மூன்றாவது ஆணி வெறுமையாக நின்றது. அந்த மரை கேட்டு யாரும் வரவில்லை. கண்ணளவாரும் அதை மறந்துபோனார்.

பிறகு அவர் அக்கா வந்தாள்.

அக்கா பைண்டர். இரண்டு தெரு தள்ளி அவளுடைய புத்தகக் கட்டுமானக் கடை. பசை வாசனையும் காகிதத் தூசியும் நிறைந்த ஒரு நீள அறை. நடுவில் அவளுடைய பிரஸ்: கனமான இரும்புச் சட்டம், அடியில் ஒரு தகடு, மேலே ஒரு தகடு, மேல் தகட்டைக் கீழே இறக்கத் தொடை கனத்தில் ஒரு திருகு. புத்தகங்களைத் தைத்து, பசை போட்டு, இடையில் அடுக்கி, கைப்பிடியைச் சுற்றி இறுக்கினால் அவை ஒட்டி உருவமாகும். அந்தத் திருகின் மரை தேய்ந்து, இறுக்க இறுக்க வழுக்கியது. சட்டத்தின் தலையிலேயே வார்த்திருந்த பித்தளை நட்டு மட்டும் நன்றாக இருந்தது. அதை மாற்றவும் முடியாது. ஆகவே அந்த நட்டுக்குள் போகிற மாதிரி புதுத் திருகு ஒன்று வேண்டும்.

பழைய திருகை லேத்தின்மேல் 'டங்' என்று வைத்தாள் அக்கா.

"இந்தாடா. சனிக்கிழமை நூலகத்துக்காரர் வர்றார். ரெண்டு வண்டி கிழிஞ்ச புத்தகம் உள்ள கிடக்கு. தையல் எல்லாம் முடிஞ்சது, அழுத்துறதுதான் பாக்கி. முடியலைன்னா கரண்ட் பிரஸ் வச்சிருக்கானே ஒருத்தன், அவன்கிட்ட போயிடுவேன்னு சொல்லிட்டார். ஒருதடவ போனா அப்புறம் திரும்ப வரமாட்டார்டா. அந்த நூலக வேலை போச்சுன்னா நான் கடையைச் சாத்திக்க வேண்டியதுதான்."

"அக்கா, நீ யாருகிட்ட பேசிட்டு இருக்க?"

"என் தம்பிகிட்ட. அதான் கவலையா இருக்கு."

இந்தத் தம்பிக்கு இந்தப் பட்டறை கிடைத்ததே அவள் வாயால்தான். பழைய முதலாளி யாரிடம் விட்டுப்போவது என்று யோசித்தபோது, "என் தம்பி பாத்துக்குவான், நான் பொறுப்பு" என்று சொன்னவள் அவள். அதற்குப் பிறகு அவள் தூங்கிய தூக்கத்தில் பாதி, தூக்கமே இல்லை.

கண்ணளவார் பழைய திருகைப் பார்த்தார். அங்குலத்துக்கு நான்கு மரை. காலண்டரைத் தூக்கித் தேதி பார்த்தார். அங்குல மரைக்கு மூன்றாவது ஆணி. மூன்றாவது ஆணியில் ஆணி மட்டும் இருந்தது.

உதிரிபாகக் கடைக்காரரிடம் போனார். மலைபோல் குவிந்த பழைய கியர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அந்த மனிதர் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்.

"பழசு எங்க? கொண்டு வந்தீங்கன்னா எண்ணி, அளந்து, அதே மாதிரி தந்துடலாம்."

"பழசைக் காட்டினாத்தான் புதுசு தருவீங்களா? நான் என்ன காலி பாட்டிலா திருப்பிக் குடுக்க வந்தேன்?" கண்ணளவார் ஒரு கண்ணை மூடினார். இரண்டு கையாலும் காற்றில் ஒரு வட்டம் போட்டார். "இந்த அளவு. அறுபது பல்லு."

"அறுபதா? எண்ணினீங்களா?"

"பாத்தேன்."

கடைக்காரர் காற்றில் நின்ற வட்டத்தை மரியாதையோடு பார்த்தார். குவியலில் கையை விட்டார். அதே அகலத்தில் ஒரு கியர் வந்தது. அறுபது பல். அச்சில் மாட்டும் துளையும் சரி, அதிலுள்ள சாவிப்பள்ளமும் சரி. கண்ணளவார் வெற்றியோடு திரும்பினார்.

புதுக் கியரை மாட்டி ஓட்டியதும் லேத் ஒரு சத்தம் போட்டது. நறநறவென்று, கோபத்தில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல. குட்டிச்சுவருக்கு மேலே வெல்டர் முளைத்தார்.

"அண்ணே, உள்ள யாரும் சண்டை போடுறாங்களா?"

"புது மருமகள்டா. பழகிற வரைக்கும் சத்தம் வரத்தான் செய்யும்."

அப்படியே ஒரு திருகை வெட்டி முடித்து, துடைத்து, தோளில் போட்டுக்கொண்டு அக்கா கடைக்குப் போனார். திருகை நட்டில் வைத்தார். சுற்றினார். ஒரு சுற்று வெண்ணெயாகப் போனது. "பாத்தியா?" என்றார். இரண்டாவது சுற்றில் முனகியது. அதற்குமேல் போகவில்லை. கைப்பிடியில் இரண்டு பேர் தொங்கினாலும் போகவில்லை.

"என்னடா?"

"உன் நட்டு வீங்கியிருக்கு."

"பித்தளை வீங்குமாடா?"

"உன் கடையில பசை ஈரம் ஜாஸ்தி."

மறுநாள் இரண்டாவது திருகு. இந்த முறை மரையின் பள்ளத்தைக் கொஞ்சம் அகலமாக்கி, தளர்வாக வெட்டினார். லேத் முன்பைவிட நன்றாகப் பல்லைக் கடித்தது. திருகு இந்த முறை இரண்டு சுற்றைத் தாண்டி, மூன்றாவதில் நின்றது. கண்ணளவார் அதை முன்னேற்றம் என்று வர்ணித்தார். அக்கா அதை அப்படி வர்ணிக்கவில்லை. நின்ற திருகையும் அறை நெடுக அழுத்தக் காத்திருந்த புத்தகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டுவாள் என்று கண்ணளவார் தோளைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தார். அவள் திட்டவில்லை.

"விடுடா. வெள்ளிக்கிழமை காலையில நூலகத்துக்காரருக்கு ஃபோன் பண்ணி வேற இடம் பாத்துக்கச் சொல்லிடறேன். நீ என்ன பண்ணுவ, பாவம்."

அந்தப் 'பாவம்' கண்ணளவாரை எங்கேயோ போய்க் குத்தியது. அவர் அக்கா வாயிலிருந்து எருமை, தடியன், உருப்படாதவன் எல்லாம் வாங்கியிருக்கிறார், ஒன்றும் ஆனதில்லை. பாவம் வாங்கியது இதுதான் முதல் தடவை.

பட்டறையில் அந்தக் கனத்தில் ஒரே ஒரு இரும்புத் துண்டுதான் மிச்சம். இதுவும் கெட்டால் வேறு துண்டு வரச் சனிக்கிழமை தாண்டிவிடும். அதைத் தொடவே கை கூசியது. வீட்டுக்கு வந்தார். யோசனையில், தையல் அறை வாசலைக் கண்ணாலேயே அளந்து உள்ளே காலை வைத்தார். கால் கட்டைவிரல் போய் நீல உறை போட்ட கதவுமுட்டில் மோதியது.

"அம்மா!"

மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தவில்லை. "அது அஞ்சு மாசமா அங்கதான் இருக்கு."

கண்ணளவார் தரையில் உட்கார்ந்து விரலை ஊதினார். ஊதிக்கொண்டே உறையைத் தடவினார். துணிக்கடியில் பற்கள் ஒன்றொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டன. நீண்ட நேரம் தடவினார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"இங்க பாரு. ஒரு சின்ன வேலை."

"சொல்லுங்க."

"இதோட பல்லை எண்ணணும்."

இயந்திரம் நின்றது. "நீங்களா?"

"நான் எதுக்கு எண்ணணும்? நான் எண்ணமாட்டேன்னு ஊருக்கே சொல்லியிருக்கேன். நீ எண்ணமாட்டேன்னு எங்கயாவது சொல்லியிருக்கியா?"

மனைவி சிரிப்பை வாய்க்குள்ளேயே மடித்து வைத்துக்கொண்டு பட்டனைக் கழற்றி உறையை உருவினார். கண்ணளவார் வாக்குத் தவறாதவர். எழுந்து சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

"எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

"வட்டத்துக்கு ஆரம்பம் ஏது? அதனாலதான் எண்ணுறதெல்லாம் வெட்டி வேலைன்னு சொல்றேன்."

"ஆரம்பத்தை நாமதாங்க வைக்கணும்." துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்து ஒரு பல்லின் தலையில் வெள்ளையாக ஒரு பொட்டு வைத்தார். எண்ணத் தொடங்கினார். நடுவில் நின்றார். "இந்த ரெண்டு இடத்துல பல்லே இல்லயே. அதையும் சேக்கணுமா?"

"சேக்கணும். பல்லு போனாலும் இடம் இருக்குல்ல."

எண்ணி முடித்தார். "அறுபத்தி மூணு."

சுவரைப் பார்த்தபடியே கேள்வி வந்தது.

"அறுபதா, அறுபத்தி மூணா? நல்லாப் பாரு."

மறுபடி எண்ணினார். இந்தமுறை பத்துக்கு ஒருமுறை ஒரு குண்டூசியைத் தரையில் வைத்துக்கொண்டே. ஆறு குண்டூசி, அதற்குமேல் மூன்று பல். "அறுபத்தி மூணு. நீங்க கடையில என்ன கேட்டீங்க?"

"அதுக்குப் பக்கத்துல."

"பக்கத்துலன்னா?"

"அறுபது."

"மூணு பல்லு. நான் ஒரு சட்டையில கைக்கு மூணு அங்குலம் குறைச்சுத் தச்சா, போட்டுக்குவீங்களா?"

கண்ணளவார் சுவரை விட்டுத் திரும்பினார். கால் கட்டைவிரல் வலி மறந்துவிட்டது. பையிலிருந்து, மில்லிமீட்டரையும் கூறுபோட்டு அளக்கும் வெர்னியரை எடுத்தார். அந்தக் கருவியை அவர் வைத்திருந்ததே பலருக்குச் செய்தி. பல்லின் பருமன் பார்க்கும் கணக்கைப் பழைய முதலாளி சொன்னது எப்போதோ. அதைக் கேட்டபோது அவர் காதை மட்டும் கொடுத்திருந்தார். வெளிவிட்டத்தை அளந்தார், உடைந்த பல் எதிரில் வராதபடி திருப்பி, இரண்டு இடத்தில். நூற்று முப்பது மில்லிமீட்டர். பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, விட்டத்தை அதால் வகுத்தால் பல்லின் பருமன் வரும். அறுபத்து மூன்றும் இரண்டும் அறுபத்தைந்து. நூற்று முப்பதை அறுபத்தைந்தால் வகுத்தால், சிந்தாமல் சிதறாமல், இரண்டு.

"ரெண்டு!" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவருக்கு எல்லாம் விளங்கியது. கடைக்காரர் கொடுத்த கியரும் ஏறக்குறைய இதே அகலம்தான்; ஆனால் அதன் பற்கள் இவற்றைவிடத் தடிமன். அதனால்தான் அதே வட்டத்தில் அறுபதே அடங்கியிருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. லேத்துக்கு இரண்டும் வேறு. மூன்று பல் குறைந்ததில் மரைக்கு மரை இடைவெளி கூடி, சுற்றுக்குச் சுற்று பிசகு சேர்ந்துதான் திருகு பாதியில் நின்றிருக்கிறது. அந்த நறநற, மருமகளின் கோபமே இல்லை. வேறு வீட்டுப் பல்லை வாயில் கட்டியிருந்தார்கள்.

மறுநாள் காலை உதிரிபாகக் கடைக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே போனார்கள். நூல் வாங்கப் போகும் வழியில், என்று கண்ணளவார் தாமாகவே விளக்கம் சொன்னார். யாரும் கேட்கவில்லை. உடைந்த கியர் நீல உறையோடு மேசைமேல் வைக்கப்பட்டது.

கடைக்காரர் பட்டனைக் கழற்றிப் பார்த்தார். "இதைத்தானே அன்னைக்கே கேட்டேன்?"

"இன்னைக்குக் கொண்டு வந்துட்டேன்ல? அறுபத்தி மூணு பல்லு, ரெண்டு பருமன்."

குவியலின் அடியிலிருந்து எண்ணெய் கருத்த ஒரு கியர் மேலே வந்தது. "எண்ணிப் பாத்துக்குங்க."

கண்ணளவார் ஒரு அடி பின்வாங்கி, கடையின் கூரையை ஆராயத் தொடங்கினார். கூரையில் ஆராய நிறைய இருந்தது. மனைவி பையிலிருந்து சாக்பீஸை எடுத்துப் பொட்டு வைத்து, பின்னால் நின்ற வாடிக்கையாளர்கள் வாயைப் பிளந்து பார்க்க, எண்ணி முடித்தார்.

"சரியா இருக்கு."

"அம்மா, பட்டறை உங்களுதா?" என்றார் கடைக்காரர்.

"இல்லங்க. நான் பல் டாக்டர்."

கண்ணளவார் கூரையை இன்னும் உன்னிப்பாகப் பார்த்தார்.

அன்று பட்டறையில் நடந்ததை வெல்டர் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். கண்ணளவார் கியரை மாட்டினார். மேலே எண்பது பல், கீழே அறுபத்து மூன்று, நடுவில் தூது. பற்கள் ஒன்றையொன்று நெரிக்காமலும் விலகாமலும் இருக்க, அக்கா கடைக் காகிதத் துணுக்கு ஒன்றை நடுவில் கொடுத்து நெருக்கி, கியரின் போல்ட்டை இறுக்கிவிட்டுக் காகிதத்தை உருவினார். உருவிய காகிதத்தில் பல் பல்லாக அழகான மடிப்பு விழுந்திருந்தது, கிழியவில்லை. சுவிட்சைப் போட்டார். சிறிது நேரம் கழித்து வெல்டர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, லேத்தைப் போடலையா?"

"ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"சத்தமே காணோம்!"

"சத்தம் போட்டு வேலை செய்யறது உன் தொழில்."

கடைசித் துண்டு. எடுத்த எடுப்பில் வெட்டவில்லை. உளியின் நுனியால் துண்டின்மேல் முடி மாதிரி ஒரு கோடு மட்டும் ஓடவிட்டார். லேத்தை நிறுத்தி, பழைய திருகைப் பக்கத்தில் படுக்க வைத்தார். பிறகு, குட்டிச்சுவர்ப் பக்கம் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இரும்பு ஸ்கேலை எடுத்து வைத்தார். ஒரு அங்குலத்தில் நான்கு கோடு. நகர்த்தினார். மூன்று அங்குலத்தில் பன்னிரண்டு. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, பழைய மரையும் புதுக் கோடும் அருகருகே நடக்கிற இரண்டு பேர்போலக் காலை மாற்றாமல் போயின.

அதற்குப் பிறகு கண்ணளவார் நிமிரவில்லை. ஒரு வெட்டு, உளியை வெளியே இழுப்பது, நீளத் திருகின் பிடியை விடாமல் லேத்தைப் பின்னோக்கி ஓட்டித் தொடங்கிய இடத்துக்கு வருவது, இன்னும் துளி ஆழம், மறுபடி வெட்டு. சுருள் சுருளாக நீலம் பாய்ந்த இரும்புச் சீவல் காலடியில் குவிந்தது. மத்தியானச் சாப்பாடு தூக்கில் ஆறிப்போய் இருந்தது. வெல்டர் ஒருமுறை வந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இவர் முகத்தைப் பார்த்து, வாழ்நாளில் முதல்முறையாக, சொல்லாமல் போனார்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா ஃபோனைக் கையில் எடுத்தபோது வாசலில் தம்பி நின்றான், தோளில் திருகோடு. பின்னால் தம்பி மனைவி. அவர்களுக்கும் பின்னால், வேலையே இல்லாததுபோல வெல்டர்.

"யாருக்கு ஃபோன்?"

"நூலகத்துக்காரருக்கு. மணி ஆகுது, நகருடா."

"வை ஃபோனை."

திருகை நட்டில் வைத்தார். ஒரு சுற்று. ஒரு சுற்று எல்லாத் திருகும்தான் போகும். இரண்டு. மூன்று. மூன்றாவது சுற்று முடியும் இடத்தில் கண்ணளவாரின் கை தானாக ஒரு நொடி நின்றது. பிறகு சுற்றியது. நான்கு, ஐந்து என்று போய், அக்கா பொறுமை இழந்து தம்பியைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுக் கைப்பிடியைத் தானே பிடித்தாள். சர்ரென்று சுற்றினாள். திருகு எண்ணெயில் நீந்தி அடிவரை இறங்கியது. மேல் தகடு அழகாகக் கீழே வந்து புத்தக அடுக்கின்மேல் உட்கார்ந்தது. அக்கா இன்னும் ஒரு இறுக்கு இறுக்கினாள். காகிதத்துக்குள் மாட்டியிருந்த காற்றெல்லாம் ஒரே பெருமூச்சாக வெளியே வந்தது. பசை விளிம்பில் மெல்லிசாகப் பிதுங்கியது.

"அடேய்!" என்றாள் அக்கா. "அடேய் எருமை!"

கண்ணளவாருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. பழைய பட்டம் திரும்பிக் கிடைத்துவிட்டது.

அன்று முழுக்க அந்த அறையில் ஒரு போர்ப்படையே இயங்கியது. அக்கா அடுக்க, கண்ணளவார் இறுக்க, மனைவி விளிம்பைத் துடைக்க, வெல்டர் தூக்கிக் கொடுக்கும் சாக்கில் எல்லாருக்கும் இடைஞ்சல் செய்ய, இரண்டு வண்டிப் புத்தகங்களும் அடுக்கடுக்காகப் பிரஸுக்குள் போய் நிமிர்ந்த முதுகோடு வெளியே வந்தன. சனிக்கிழமை நூலகத்துக்காரர் வந்து ஒரு புத்தகத்தை எடுத்து, அட்டையைப் பிடித்து உதறிப் பார்த்தார். ஒரு தாளும் அசையவில்லை. அடுத்த வருட வேலையும் இங்கேதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அவரை வாசல்வரை விட்டுவிட்டு வந்து, தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தாள்.

"என் தம்பி கண்ணு சும்மா கண்ணாடா! பாத்தே வெட்டியிருக்கான்!"

"பின்ன? அண்ணன் பல்லை எண்ணமாட்டாருல்ல!" என்றார் வெல்டர்.

எல்லாரும் கண்ணளவாரைப் பார்த்தார்கள். கண்ணளவார் மனைவியைப் பார்த்தார். மனைவி அப்போதுதான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். அதற்கு முழுக் கவனமும் தேவைப்பட்டது. கண்ணளவார் வாயைத் திறந்தார். ஏதாவது பெரிதாக வரும் என்று வெல்டர் காதைத் தீட்டிக்கொண்டார். "பசிக்குது" என்றுமட்டும் வந்தது.

திங்கட்கிழமை வெல்டர் பட்டறையைத் திறந்தபோது, குட்டிச்சுவருக்கு அந்தப் பக்கம் வழக்கமான எந்தச் சத்தமும் இல்லை. லேத் ஓடவில்லை. பிரகடனம் எதுவும் கேட்கவில்லை. வெல்டர் எட்டிப் பார்த்தார்.

சுவரில் காலண்டர் இல்லை. அது கீழே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஆறு ஆணிகளும் வெறுமையாக நின்றன. அவற்றின் கீழே சிவப்பு எழுத்துகள் வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைக் கூசிக்கொண்டிருந்தன. கண்ணளவார் குட்டையான முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம், மூன்றாவது ஆணியின் புதுக் கியர், நெற்றியில் '63' என்று புதிதாக எண் அடித்து, பளபளவென்று. மறுபக்கம் இன்னும் எண் அடிக்கப்படாத மற்றவை. முதல் ஆணியின் கியர் மடியில். அதன் ஒரு பல்லின் தலையில் வெள்ளைப் பொட்டு. சட்டைப்பையின் விளிம்பெல்லாம் சாக்பீஸ் தூள்.

"அண்ணே! என்னண்ணே பண்றீங்க?"

கண்ணளவார் தலையைத் தூக்கவில்லை. இடதுகைப் பெருவிரல் ஒரு பல்லின்மேல் அழுந்தியபடி இருந்தது. வலதுகை ஆட்காட்டி விரலை உயர்த்தி, பேசாதே என்று காட்டினார். உதடுகள் மட்டும் அசைந்தன.

"முப்பத்தி எட்டு… முப்பத்தி ஒம்பது…"